உமித்தணல்: விக்டோரியா காலக் காதல் கதைகளும் எங்கட யாழ்ப்பாணமும்

முன்னூறு பக்கம் காத்திருந்த பிறகு ஒரு கையுறை கழற்றப்படுகிறது. நடப்பது அவ்வளவுதான். முத்தம் இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை, விருப்பத்தைச் சொல்கிற ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் வாசிக்கிற ஆளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரவு இரண்டு மணிக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டியிருக்கிறது. இந்த வகைக் கதைக்கு ஸ்லோ பேர்ன் என்று பெயர். எங்களுக்குள் நாங்கள் உமித்தணல் என்று சொல்லிக்கொள்கிறோம். மேலே பார்த்தால் சாம்பல், கையை வைத்தால்தான் உள்ளே நெருப்பு இருப்பது தெரியும்.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இந்தக் கதைகளுக்குக் கனபேர் அடிமை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கிற காதல் கதை என்றால் பழையதோ புதியதோ, கையில் கிடைத்ததை வாசித்துத் தள்ளுகிறார்கள். "உந்த வெள்ளைக்காரச் சீமாட்டியளின்ர கதை உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். டார்சியையும் எலிசபெத்தையும் விக்டோரியா காலத்தில் சேர்த்துவிடுகிற பழக்கம் எல்லாரிடமும் உண்டு. ஜேன் ஒஸ்டினின் அந்த நாவல் வந்தது 1813இல். விக்டோரியா அப்போது பிறக்கவே இல்லை. அவர் 1837இல் பதினெட்டு வயதில் அரசியாகி 1901 ஜனவரி வரை ஆண்டார். சார்லட் புரொண்டேயின் 'ஜேன் எயர்' (1847), எலிசபெத் காஸ்கெல்லின் 'நோர்த் அண்ட் சவுத்' (1854–55) ஆகியவைதான் அந்தக் காலத்துச் சரக்கு. இன்றைக்கு எழுதப்படுகிற சரித்திரக் காதல் நாவல்கள் பெரும்பாலும் இவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

இந்தக் கதைகள் ஏன் பிடிக்கின்றன? தாமதத்துக்கு ஒரு காரணம் வேண்டும். இன்றைக்கு நடக்கிற கதையில் ஒருவர் மனதை மற்றவர் அறிய இருநூறு பக்கம் எடுத்தால், "ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாமே" என்று வாசகருக்கே எரிச்சல் வரும். விக்டோரியா காலத்தில் காரணங்கள் தாராளம். பெண் தனியாக வெளியில் போக முடியாது, கூட ஒரு பெரியம்மா வருவார். கடிதம் எழுதினால் மற்றவர் கையில் சிக்கலாம். யாராவது செத்தால் மாதக்கணக்கில் கறுப்பு உடுப்பு. பணம், பதவி, குடும்பம், சொத்து எல்லாம் குறுக்கே நிற்கும். வாயால் எதுவும் சொல்ல முடியாத இடத்தில் மற்றதெல்லாம் பேசத் தொடங்குகிறது. தேநீர்க் கோப்பை எந்தப் பக்கம் நகர்த்தப்பட்டது, கதவை யார் திறந்துவிட்டார், எந்தக் கதிரை காலியாக விடப்பட்டது என்று நாங்கள் துப்பறிந்துகொண்டே போகிறோம்.

துப்பறிவதில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவையில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஒரே மூலையில் நிற்கிற பெடியன் எதற்காக நிற்கிறான் என்று ஊருக்கே விளங்கும். ரியூசன் முடிந்து போகிற சைக்கிள்களில் எது வேண்டுமென்றே மெதுவாக மிதிக்கப்படுகிறது என்பதும் விளங்கும். யாரும் ஒன்றும் கதைக்காமலே எல்லாம் கதைக்கப்படுகிற ஊர் இது. அதனால்தான் இங்கிலாந்துக் கிராமத்துப் பெரியம்மா எங்களுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அவர் எங்கட முன்வீட்டு மாமியேதான்.

ஆனால் பழக்கம் மட்டும்தானா காரணம்? அந்தக் காலம் எங்களுக்கும் சொந்தமானது என்பதை நாங்கள் மறந்துபோகிறோம். விக்டோரியா ஆண்டது எங்களையும்தான். 1857இல் வந்த இலங்கையின் முதல் தபால்தலையில் இருந்தது அவருடைய முகம். சார்லட் புரொண்டே எழுதிக்கொண்டிருந்த அதே 1840களில் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்போ ஓர் உமித்தணல் காதலுக்கு வேண்டிய அரங்கு இங்கேயே இருந்திருக்கவேண்டும் இல்லையா?

இருந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கு செமினரி தொடங்கியது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். இரண்டுக்கும் இடையில் சில மைல்தான் தூரம். பெண்பிள்ளையைப் படிப்பித்தால் யார் கட்டுவான் என்று பயந்த காலம். அந்தப் பயத்துக்கு மிஷன் கண்ட மருந்து, படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டுகிற பெண்ணுக்குத் தானே ஒரு சிறு சீதனம் கொடுப்பது. செமினரியில் வானசாஸ்திரமும் கணிதமும் படித்த பெடியனுக்கு, எழுத்து வாசிப்புத் தெரிந்த உடுவில் பெட்டை. பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பிய கொடையாளிகளின் பெயர்களையே வைத்தார்கள். அதனால் யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கும் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் தாங்கள் கண்டே இராத யாரோ ஒரு சீமாட்டியின் பெயரோடு, யாரோ ஒரு பாதிரியாரின் பெயரோடு வளர்ந்தார்கள்.

உடுவிலுக்கு 1840இல் எலிசா அக்னியூ வந்தார். 1883இல் இறக்கும்வரை ஒருதரமும் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை, கலியாணமும் கட்டவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவர் கையில் படித்தார்கள். ஒரு நாவலாசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்? மதில், படலை, கண்டிப்பான தலைமையாசிரியை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம். 'ஜேன் எயர்' நாவலின் ஆரம்பப் பகுதியிலும் ஒரு விடுதிப் பள்ளி வருகிறது அல்லவா.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. இந்தக் கற்பனையில் நாங்கள் சுகமாக மிதந்துபோகிற நேரத்தில்தான் கால் ஒரு கல்லில் இடிக்கிறது.

விக்டோரியா அரசியானபோது யாழ்ப்பாணத்தில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. இலங்கையில் அது முழுதாக ஒழிக்கப்பட்டது 1844இல், அவர் பட்டத்துக்கு வந்து ஏழு வருடத்துக்குப் பிறகு. கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதிகளைச் சேர்ந்தவர்கள் வேளாளக் குடும்பங்களின் சொத்தாக எழுதப்பட்டிருந்தார்கள். சட்டம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. மிஷன் பள்ளிகளுக்குள்ளும் சாதி வந்தது. சேர்ந்து இருந்து சாப்பிடமாட்டோம் என்று உயர்சாதிப் பிள்ளைகள் மறுத்த கதைகள் மிஷனரிகளின் குறிப்புகளிலேயே இருக்கின்றன. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடுவதற்கும் நகை போடுவதற்கும் இருபதாம் நூற்றாண்டிலும் இங்கே அடி விழுந்திருக்கிறது.

முன்னூறு பக்கம் காத்திருந்து கழற்றப்படுகிற அந்தக் கையுறையை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். ஒரு மணிக்கட்டு தெரிவது பெரிய சம்பவமாக இருப்பதற்கு, அந்தப் பெண்ணுக்கு முதலில் மூடிக்கொள்ளும் உரிமை இருக்கவேண்டும். மூடுவதற்கே உரிமை மறுக்கப்பட்ட பெண்ணை வைத்து இந்த வகைக் கதையை எழுதமுடியாது. எழுதினால் அது வேறு கதையாகத்தான் வரும். உமித்தணலின் நாணமும் தயக்கமும் எல்லாருக்கும் கிடைத்த சாமான் இல்லை. இங்கிலாந்திலும் இதே கணக்குத்தான்: ஜேன் எயரின் காதலன் ரொச்செஸ்டருக்கு முதல் மனைவியோடு வந்த பணம் ஜமேக்காவில் இருந்து வந்தது. அந்தத் தீவில் பணம் எப்படி விளைந்தது என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

இதைச் சொல்லி அந்தக் கதைகளைத் தூக்கி எறிய நாங்கள் வரவில்லை. எறியவும் மாட்டோம். ஆனால் அவற்றில் எங்களுக்கு எது பிடிக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள இது உதவுகிறது. எங்கட கணிப்பில், பிடிப்பது பவுனும் குதிரைவண்டியும் இல்லை. வரிசைதான்.

விளக்கமாகச் சொல்கிறோம். 'நோர்த் அண்ட் சவுத்' நாவலில் மார்கரெட் ஹேல் முதலில் தோர்ன்டனை வேண்டாம் என்கிறாள். பிறகு அவனை அறிகிறாள், மதிக்கிறாள், விரும்புகிறாள். கடைசிப் பக்கங்களில்தான் பணம் வருகிறது. அவளுக்குக் கிடைத்த சொத்தில் இருந்து அவனுடைய ஆலைக்குக் கடன் கொடுக்கிறேன் என்கிறாள். ஜேன் எயருக்கு இருபதாயிரம் பவுண் வருவதும் கதையின் பின்பாதியில்தான். அதையும் நாலாகப் பிரித்து மற்ற மூவருக்கும் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்துவிட்டுத்தான் அவள் ரொச்செஸ்டரைத் தேடிப் போகிறாள். முதலில் முகம், பிறகு மனம், கடைசியில் காணி. யாழ்ப்பாணத்தில் இதைத் தலைகீழாக நடத்தினோம், இன்றும் கனவீட்டில் அப்படித்தான். முதலில் காணி, பிறகு சாதகக்குறிப்பு, கடைசியில், நேரம் இருந்தால், முகம். மனம் கலியாணத்துக்குப் பிறகு வரும் என்று சொல்வார்கள். வந்தால் புண்ணியம்.

இது வெறும் வழக்கம் மட்டும் இல்லை, சட்டமும்தான். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அதில் ஒரு விசித்திரம். இங்கிலாந்தில் கலியாணம் கட்டிய பெண் தன் சொத்தைத் தன்னுடையது என்று முழுதாக வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ அதற்கு எவ்வளவோ முந்தியே சீதனம் தன் பெயரில் இருந்தது. ஆங்கிலக் கதாநாயகி பொறாமைப்படவேண்டிய விஷயம். ஆனால் அந்தக் காணியை விற்கப்போனால் புருஷனின் சம்மதம் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு இன்றைக்கும் அது வேண்டும். பெயர் அவளுடையது, பேனை அவனுடையது. யாழ்ப்பாணத்து விக்டோரியா காலக் காதல்கதை என்று ஒன்று எழுதப்பட்டால், இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது ஆளாக ஒரு நொத்தாரிசைத்தான் போடவேண்டும்.

அப்படி ஒன்று எழுதப்பட்டதா? அந்தக் காலத்து ஆட்களே ஏன் எழுதவில்லை?

காதல் நடக்காமல் இல்லை. விக்டோரியா கால நாவலையே தோற்கடிக்கிற ஒரு கதை இருக்கிறது. வடமராட்சிக் கெருடாவிலில் வேர்கொண்டு கொழும்பில் பெரிய குடும்பமாக வளர்ந்த வீட்டில் பிறந்தவர் முத்துக்குமாரசுவாமி. லண்டன் போய் 1863இல் பாரிஸ்டர் ஆனார். அதே வருடம் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக மொழிபெயர்த்து வெளியிட்டார். பிரபுக்களின் வரவேற்பறைகளில் புழங்கினார். டிஸ்ரேலி தான் முடிக்காமல் விட்ட நாவலில் ஒரு பாத்திரத்தை இவரைப் பார்த்துத்தான் படைத்தார் என்று சொல்வார்கள். 1875இல் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் கட்டினார். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. 1877இல் கொழும்பில் மகன் பிறந்தான். பிறகு தாயும் பிள்ளையும் இங்கிலாந்து போனார்கள், இவர் பின்னால் போவதாக இருந்தது. கப்பலேற வேண்டியிருந்த நாளில், 1879 மே 4ஆம் திகதி, இறந்துபோனார். நாலே வருடம். தகப்பனை நினைவில்லாமல் இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

இந்தக் காதலுக்குக் கடல் தாண்டவேண்டியிருந்தது. எங்கட ஆரம்பகால நாவல்களைப் பார்த்தால் அவையும் அப்படித்தான் நடந்திருக்கின்றன. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுகிற சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) எகிப்துக்காரனின் கதை. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தழுவியது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல் அது. விக்டோரியா காலத்தில் எழுதப்பட்ட சரித்திரக் காதல் நாவல் தமிழிலும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை இளவரசி மோகனாங்கிக்கும் இடையிலான காதல்தான் கதை. நிஜச் சரித்திரத்தில் தஞ்சை மன்னர் பெண் கொடுக்க மறுத்தார், 1673இல் போரில் தஞ்சை விழுந்தது. அந்த இரத்தத்துக்குள் இருந்து சரவணமுத்துப்பிள்ளை காதலை எடுத்தார். சும்மா ஒரு கதைக்காரர் அல்ல அவர். 1892இலேயே 'தத்தை விடு தூது' என்ற நூலில் பெண்ணின் கல்விக்காகவும் சுதந்திரத்துக்காகவும் வாதாடியவர். ஆனால் அவருக்கும் காதலை நிறுத்தி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டபோது, இருநூறு வருடம் பின்னால் போய்க் கடலைத் தாண்டி தஞ்சாவூருக்குப் போனார்.

மூன்று நாவல். ஒன்று எகிப்து, ஒன்று ஐரோப்பா, ஒன்று தஞ்சை. தற்செயல் என்று சொல்லலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வாசகரின் சொந்த ஊரில், சொந்தத் தெருவில் இரண்டு பேரைக் காதலிக்க விட்டால் அவர்களுக்குச் சாதி கொடுக்கவேண்டும், சீதனம் கொடுக்கவேண்டும், எந்தக் கோயிலடி என்று சொல்லவேண்டும். தூரத்தில் வைத்தால் அந்தக் கேள்வி வராது. நாங்கள் இன்று யோர்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் இரண்டு பேரை நடக்கவிட்டு ரசிப்பதும் இதே காரணத்தால்தானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. மார்கரெட் ஹேலின் சாதி என்ன என்று யாரும் எங்களிடம் கேட்கப்போவதில்லை.

நாவல் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) சாட்சி. 1884இல் பிறந்த இவருடைய பிள்ளைப்பருவமும் இளமைத் தொடக்கமும் விக்டோரியா காலத்தில்தான் கழிந்தன. ஈழத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல் இது. தலைப்பு விவிலியத்தின் ஐம்பத்தோராம் சங்கீதத்தை நினைவூட்டுவது. கண்மணி என்ற பெண் அருளப்பனுக்கு வாழ்க்கைப்படுகிறாள், அவனால் உடைந்துபோகிறாள், கடைசியில் சாகிறாள். அவளுடைய தோழி பொன்மணியோ பெற்றோர் பார்த்த சம்பந்தத்தை விட்டு, தான் விரும்பியவனோடு போகிறாள்.

உமித்தணல் வாசித்துப் பழகிய கண்ணோடு இதை வாசித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். நெஞ்சு படபடக்கிற இடங்கள் குறைவு, உபதேசம் கொஞ்சம் கூட. ஆனால் கவனியுங்கள். ஆங்கில நாவல் கலியாணத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி அது எங்களிடம் பெரும்பாலும் அதிகம் சொல்வதில்லை. 'சந்தோஷமாக வாழ்ந்தார்கள்' என்று நாங்களே நிரப்பிக்கொள்கிறோம். மங்களநாயகம் தம்பையா எடுத்துக்கொண்ட கதையின் பாரம் முழுக்கக் கலியாணத்துக்குப் பிறகு இருக்கிறது. காணி முதலிலும் மனம் பிறகும் என்ற வரிசையில், மனம் வராமலே போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டுக்குள் இருந்து, ஒரு பெண்ணாக. இதையும் மெல்ல எரிதல் என்றுதான் சொல்லவேண்டும். எரிவது காதல் இல்லை, கண்மணி.

கண்மணியையும் மார்கரெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், "உந்தக் கதை உங்களுக்கு என்னத்துக்கு" என்ற கேள்விக்கு எங்கட பதில் கிடைக்கிறது. தன்னை ஒருவர் வடிவாகப் பார்த்து, தவறாக விளங்கி, திருத்தி விளங்கி, பிறகு விரும்பவேண்டும் என்ற ஆசை கண்மணிக்கும் இருந்திருக்கும். அவளுக்கு அந்த முன்னூறு பக்கம் கொடுக்கப்படவில்லை. எங்களில் கனபேருக்கும் கிடைக்கப்போவதில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்து, ஸ்பொன்சர் சரிவரும்வரை இரண்டு வருடம், மூன்று வருடம் வீடியோ கோலில் முகம் பார்த்துக்கொண்டிருக்கிற அக்காமார் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய காத்திருப்பும் நீளம்தான். ஆனால் அதில் வேண்டாம் என்று சொல்கிற பக்கம் இல்லை. மார்கரெட் தோர்ன்டனுக்கு மாட்டேன் என்று சொன்ன பிறகும் கதை தொடர்கிறதே, அந்த இடத்தைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.

1850களின் உடுவிலையும் வட்டுக்கோட்டையையும் வைத்து யாராவது ஓர் உமித்தணல் எழுதவேண்டும். யாரோ ஓர் அமெரிக்கச் சீமாட்டியின் பெயரைச் சுமக்கிற பெட்டையும், செமினரி 1855இல் மூடப்பட்டதால் பாதியில் படிப்பை விட்ட பெடியனும் அதில் வரட்டும். கிணற்றடியில் தண்ணி அள்ளிக் கொடுக்கிற கையும் வரட்டும், அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு ஒரு பெயரும் ஒரு விருப்பமும் இருக்கட்டும். நொத்தாரிசு கட்டாயம் வேண்டும். எழுதுகிற ஆள் எங்களில் ஒருவராக இருந்தால் முதல் படியை வாசிக்க நாங்கள் இருக்கிறோம். கலியாணத்தோடு மட்டும் முடித்துவிட வேண்டாம்; அதற்குப் பிறகு கொஞ்சப் பக்கமாவது வேண்டும்.